வேகமும் தகுதியும்

ஓட்டவீரன் ஒருவன் 100 மீற்றர் தூரத்தைப் பத்துச் செக்கன்களுக்குள் ஓடி முடிக்கும்போது பாராட்டப்படுவது எது என்ற வினா, எளியதாகத் தோன்றினும் விடை கூறுதற்கு அரியதாகும். பிறப்பால் அமைந்த உடலா, பல்லாண்டு உழைப்பா, பயிற்றுநரின் அறிவா, நாடு அளித்த வசதியா? இவை யாவும் அவ்வெற்றியிற் கலந்துள்ளன. இவற்றுள் எதனை அவனுக்குரிய தகுதி எனக் கொள்ளலாம், எதனைக் கொள்ளலாகாது என்பதே குறுந்தூர ஓட்டப் பயிற்சி எழுப்பும் அறவியற் பிரச்சினையாகும்.

வேகம் முற்றிலும் பிறவிக் கொடை என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. விரைந்து சுருங்கும் தசைநார்களின் விகிதம் பெருமளவு பரம்பரையால் அமைகின்றது என்பது உண்மையே. ஆயினும் விரைவோட்டம் ஒரே செயலன்று. புறப்பாடு, வேகவளர்ச்சி, உச்சவேகம், அவ்வேகத்தைக் குன்றாது காத்தல் எனப் பல கூறுகளையுடையது. 2009 ஆம் ஆண்டு பேர்லினில் உசெயின் போல்ற் 9.58 செக்கன்களில் ஓடியபோது, முதற் பத்து மீற்றருக்கு 1.89 செக்கன்கள் தேவைப்பட்டன. 60 மீற்றருக்கும் 80 மீற்றருக்கும் இடைப்பட்ட இருபது மீற்றருக்கோ 1.61 செக்கன்களே போதுமாயின. இக்கூறுகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பயிற்சி உண்டு. உடலை முன்சாய்த்துத் தரையை வலுவுடன் பின்னோக்கி உந்துதல், மேட்டுநிலத்தில் ஓடுதல், பாரமிழுத்து ஓடுதல், பாரந்தூக்கல், துள்ளற் பயிற்சி ஆகியன வேகவளர்ச்சிக்கு உதவுவன. முழுவேக ஓட்டம் ஒவ்வொன்றின் பின்னும் சில நிமிட ஓய்வு இன்றியமையாதது. களைத்த நிலையில் மீண்டும் மீண்டும் ஓடுபவன் மெதுவாக ஓடுவதற்கே பழகுகின்றான். எனவே பயிற்சி என்பது வெறும் உடல்வருத்தமன்று. உடலின்மீது அறிவு செலுத்தும் ஆட்சி எனலாம்.

இவ்வறிவும் ஒரு காலத்தில் ஐயுறவுடன் நோக்கப்பட்டது. 1924 ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் போட்டியில் 100 மீற்றர் ஓட்டத்தை 10.6 செக்கன்களில் வென்ற ஆங்கிலேயரான ஹரல்ட் ஆபிரகாம்ஸ், சாம் முசபினி என்ற தொழின்முறைப் பயிற்றுநரிடம் பயின்றவர். அவரது புறப்பாடும் காலடி நீளமும் முசபினியின் வழிகாட்டலாற் சீர்பெற்றன. பொருள் பெற்றுப் பயிற்றுபவரை நாடுதல் கனவான்களின் விளையாட்டுப் பண்புக்கு இழுக்கு என அன்றைய ஆங்கில உயர்குழாத்தினர் பலர் கருதினர். இன்று பயிற்றுநரின்றிச் சர்வதேசக் களம் புகும் வீரரைக் காண்டலரிது.

ஓட்டத் தொடக்கத்தின் வரலாறும் இத்தகையதே. முன்னாளில் வீரர்கள் ஓடுபாதையிற் சிறு குழிகள் தோண்டிக் கால்களைப் பதித்தனர். 1929 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜ் சிம்சன், கால்களை ஊன்றி உந்துதற்கான தொடக்கக் கட்டைகளைப் பயன்படுத்தி 100 யார் தூரத்தை 9.4 செக்கன்களில் ஓடினார். கட்டைகளின் துணைபெற்றமை காரணமாக அது உலக சாதனையாக ஏற்கப்படவில்லை. 1937 இல் அக்கட்டைகள் விதிகளில் இடம்பெற்றன. 1948 இல் ஒலிம்பிக் களத்திலும் பயன்படுத்தப்பட்டன. நேற்றைய விலக்கு இன்றைய விதியாயிற்று.

அவ்வாறாயின் 1988 ஆம் ஆண்டு சியோலில் நிகழ்ந்ததைக் குற்றமெனக் கொள்வது எங்ஙனம்? கனடாவின் பென் ஜோன்சன் 9.79 செக்கன்களில் ஓடி வென்றார். சில நாட்களுள் ஸ்டனோசொலோல் என்ற ஊக்கமருந்து அவரது உடலிற் காணப்பட்டமையால் பதக்கத்தை இழந்தார். மருந்து செயற்கையானது என்பது போதிய விடையன்று. தொடக்கக் கட்டையும் செயற்கையானதே. அவர் உழையாது வென்றார் என்பதும் பொருந்தாது. அவர் பல்லாண்டு கடுமையாகப் பயின்றவர். அத்தகைய மருந்து, கடும்பயிற்சியின் பின் உடல் தேறுதற்குத் துணைசெய்து, மேலும் பயில இடமளிப்பது. ஆகவே இயற்கை, உழைப்பு என்ற இரு அளவுகோல்களும் இங்கு பயன்படாதொழிகின்றன.

வேறுபாட்டை வேறிடத்தில் தேடுதல் வேண்டும். ஆபிரகாம்ஸ் பயிற்றுநரை அமர்த்தியமை ஊரறிந்த செய்தி. சிம்சனின் கட்டைகள் பார்த்தோர் அனைவர் கண்ணுக்கும் புலனாயின. அவற்றைக் கண்டவர்கள் ஏற்கவோ மறுக்கவோ வாய்ப்பிருந்தது. ஜோன்சனின் மருந்தோ மறைக்கப்பட்டது. ஓட்டப்போட்டி என்பது, குறித்த விதிகளுக்குள் எவர் விரைவானவர் என அறிவோம் என்று ஓடுவோர் தம்முள் செய்துகொள்ளும் உடன்படிக்கையாகும். மறைவாக விதி கடந்தவன் பிறரது நம்பிக்கையையே தன் வேகத்திற்கு மூலதனமாக்குகின்றான். அவன் இழைக்கும் தவறு இயற்கைக்கு எதிரானதன்று. அடுத்த ஓடுபாதையில் நிற்கும் மனிதனுக்கு எதிரானது.

மறைவே குற்றமெனின், மருந்தை வெளிப்படையாக அனுமதித்து விடலாமே என்ற தடை இங்கு எழலாம். அது வலிமையான தடையே. ஆனால் கட்டையை ஒருவர் பயன்படுத்துவதால் மற்றவருக்குத் தீங்கில்லை. உடலைக் கெடுக்கும் மருந்து அனுமதிக்கப்படின், அதனை விரும்பாதவனும் உட்கொள்ளல் அல்லது களத்தை விட்டு நீங்கல் என்ற இரண்டினுள் ஒன்றைத் தெரிதல் வேண்டும். ஒருவனது சுதந்திரம் மற்றவனது நிர்ப்பந்தமாகின்றது. முன்னைய கிழக்கு ஜேர்மனியில் இளவயதினர் பலர் தாம் உட்கொள்வது யாதென அறியாமலே மருந்தூட்டப்பட்டனர். 2000 ஆம் ஆண்டு பேர்லின் நீதிமன்றம் அத்திட்டத்தின் தலைவர்கள் இருவரைக் குற்றவாளிகளெனத் தீர்த்தது. நிர்ப்பந்தம் எந்த எல்லைவரை செல்லவல்லது என்பதற்கு அது சான்றாகும்.

எனினும் விதிகளைக் காத்தலால் மட்டும் நீதி நிறைவெய்துவதில்லை. இயற்கைத் திறன்களை எவரும் தகுதியாற் பெறுவதில்லை என்றும், முயலும் மனப்பாங்குகூடக் குடும்பம், சமூகம் ஆகியவற்றின் சூழலாற் பாதிக்கப்படுகின்றது என்றும் ஜோன் றோல்ஸ் 1971 இல் வெளியான தமது நீதிக் கோட்பாட்டு நூலில் வாதிட்டார். செம்மையான ஓடுபாதையும் மருத்துவரும் போசாக்கும் உள்ள நாட்டு வீரனும், புல்வெளியில் வெறுங்காலுடன் ஓடத் தொடங்கிய சிறுமியும் ஒரே கோட்டில் நிற்கும்போது, அக்கோடு அவர்களது கடந்தகாலத்தைச் சமப்படுத்துவதில்லை. இவ்வுண்மை ஏமாற்றுதலுக்கு நியாயமாகாது. மாறாக, ஏமாற்றுதலின் கொடுமையையே மிகுவிக்கின்றது. வசதி குறைந்தவருக்கு எஞ்சியிருக்கும் ஒரே பாதுகாப்பு விதியின் நேர்மையே ஆகும்.

இலங்கையின் கிராமமொன்றிலிருந்து வந்த சுசந்திகா ஜயசிங்க, 2000 ஆம் ஆண்டு சிட்னியில் 200 மீற்றர் ஓட்டத்தை 22.28 செக்கன்களில் முடித்து மூன்றாமிடம் பெற்றார். முதலிடம் பெற்ற மரியன் ஜோன்ஸ், தாம் ஊக்கமருந்து பயன்படுத்தியதை 2007 இல் ஒப்புக்கொண்டார். 2009 இல் சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாக உயர்ந்தது. பதிவேடு திருத்தப்பட்டது. ஆயின் பல்லாயிரவர் முன் இரண்டாம் படியில் நின்றிருக்கவேண்டிய அந்தச் சில நிமிடங்களை எந்தத் தீர்மானமும் மீட்டளிக்க இயலாது. செக்கனின் நூறிலொரு பங்கையும் அளக்கவல்ல கருவி, அவ்விழப்பை அளப்பதில்லை. வேகத்தின் அறம் பற்றிய ஆராய்ச்சி, வென்றவனின் தகுதியோடு நின்றுவிடாது, அவனருகே நேர்மையாக ஓடியவரின் உரிமையையும் கருதுதல் வேண்டும் என்பதை உணர்த்துவது அவ்விழப்பே ஆகும்.