கண்ணாடிக் கோளமும் தாய்ப்புலியும்

மத்தியதரைக் கடலின் நடுவே அமைந்துள்ள சிசிலித் தீவில், பியாட்சா ஆர்மெரினா என்ற ஊருக்கு அருகே, கி.பி. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானிய மாளிகை ஒன்றின் எச்சங்கள் உள்ளன. 'வில்லா ரோமானா டெல் கசாலே' என்பது அதன் பெயர். கூரை மறைந்துவிட்டது, சுவர்கள் பெரும்பாலும் சிதைந்துவிட்டன. ஆனால் தரை நிலைத்திருக்கிறது. சிறுசிறு வண்ணக் கற்களைப் பதித்து உருவாக்கிய சித்திரங்கள் சுமார் 3,500 சதுர மீட்டர் பரப்பில் அங்கே விரிந்து கிடக்கின்றன. 1997-இல் யுனெஸ்கோ அமைப்பு அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அம்மாளிகையில் 60 மீட்டருக்கும் அதிக நீளமுள்ள தாழ்வாரம் ஒன்று உண்டு. அதன் தரை முழுவதும் ஒரே காட்சி: விலங்குகளைப் பிடித்தல், கூண்டில் அடைத்தல், கப்பலில் ஏற்றுதல். தொலைதூர நாடுகளிலிருந்து அவை இவ்வாறு கொண்டு செல்லப்பட்டது ரோமாபுரியின் அரங்குகளில் மக்களின் கேளிக்கைக்காகக் கொல்லப்படுவதற்கே. அத்தகைய கேளிக்கைகளை நடத்துவது செல்வர்களுக்குப் புகழ் தேடித் தந்தது.

அக்காட்சியின் ஒரு பகுதியில் ஒரு பெண்புலி, கண்ணாடிக் கோளத்தின் முன் நிற்கிறது. கோளத்திற்குள் அதன் பிம்பம் தெரிகிறது. இதன் பொருளை அக்கால நூல்கள் விளக்குகின்றன. அதே நூற்றாண்டில் மிலான் நகர ஆயராக இருந்த புனித அம்புரோஸும் இந்தத் தந்திரத்தைப் பற்றி எழுதியுள்ளார். வேடன் புலிக்குட்டியைத் திருடிக்கொண்டு குதிரையில் விரைகிறான். தாய்ப்புலி துரத்துகிறது. அது நெருங்கியதும் வேடன் கண்ணாடிக் கோளம் ஒன்றை எறிகிறான். கோளத்தில் சிறியதாகத் தெரியும் தன் உருவத்தையே குட்டி என்று எண்ணித் தாய் நின்றுவிடுகிறது. அதற்குள் வேடன் தப்பிவிடுகிறான்.

ஒரு பொருளின்மேல் அதுவல்லாத மற்றொன்றை ஏற்றிக் காண்பதை 'அத்யாஸம்' என்கிறது வேதாந்தம். கயிற்றில் பாம்பைக் காண்பது இதற்குப் பழகிய உதாரணம். ஆனால் இந்தப் புலியின் உதாரணம் இன்னும் நுட்பமானது. கயிற்றில் பாம்பைக் கண்டவன் அஞ்சி விலகுகிறான். புலியோ அன்பினால் அணைக்கிறது. அதன் அன்பு பொய்யன்று. அணைத்த பொருள்தான் பொய். மேலும், கோளத்தில் தெரிவது வேறு யாருமல்ல, சுருங்கிப்போன அதன் வடிவமே. எல்லையற்ற ஆன்மா, மனம் என்னும் சிறு கண்ணாடியில் பிரதிபலித்து, 'நான்', 'என்னுடையது' என்று தன் பிம்பத்தையே தழுவி நிற்பதும் இத்தகையதே.

மாளிகையின் உரிமையாளர் இந்தச் சித்திரத்தின்மீது எத்தனை முறை நடந்திருப்பார்! தம் செல்வத்தை வருவோர்க்கெல்லாம் அறிவிக்கவே அவர் அத்தரையை அமைத்தார். இன்று அவர் யார் என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. பேரரசர் மாக்சிமியான் என்றனர் சிலர். உயர்குடிப் பிரபு ஒருவர் என்றனர் வேறு சிலர். எந்தப் பெயரைக் காக்க அத்தனை கற்களும் பதிக்கப்பட்டனவோ அந்தப் பெயர் மட்டுமே காணாமற்போயிற்று. அந்தத் தரையே அவருடைய கண்ணாடிக் கோளம்.

அப்படியானால் அழகும் கலையும் வீண்தானா என்று ஒருவர் கேட்கலாம். அப்படியல்ல. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மண்சரிவு அவ்விடத்தை மூடியது. உடைமையைப் புதைத்த அதே மண்தான் கலையைப் பாதுகாத்தது. 1950-களில் ஜீனோ வினிச்சியோ ஜென்டிலி என்ற தொல்லியல் அறிஞரின் தலைமையில் நடந்த பெரும் அகழாய்வில் அது மீண்டும் வெளிப்பட்டது. இன்று அதனைக் காண வருபவர் எவருக்கும் அதில் ஒரு கல்கூடச் சொந்தமில்லை. ஆயினும் அவர்களது மகிழ்ச்சிக்குக் குறைவில்லை. அழகை அனுபவிப்பதற்கு உரிமை கொண்டாடுதல் அவசியமில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? துறக்கப்பட வேண்டியது அழகல்ல, மமதையே.

ஆனால் இதனோடு நின்றுவிட முடியாது. உரிமை கொண்டாடாமல் ரசிப்பவனும் குற்றமற்றவன் ஆகிவிடுவதில்லை. கற்களின் வண்ணத்தில் மனம் மயங்கி, குட்டியை இழந்த தாயின் துயரத்தை ஒருவன் மறந்தால், அவன் கையிலும் ஒரு கண்ணாடிக் கோளமே இருக்கிறது. உரிமையாளர் செய்ததும் அதுதான். துன்பத்தை அவர் அலங்காரமாக மட்டுமே கண்டார். அனைத்துயிரிலும் உறைவது ஒரே ஆன்மா என்று சொல்லும் வேதாந்தம், அத்துன்பத்தை 'பிறர் துன்பம்' என்று ஒதுக்க அனுமதிப்பதில்லை.

எனவே சாதகன் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இரண்டு. நான் இறுகப் பற்றியிருப்பது உண்மையா, என் பிம்பமா? இதற்காகத் துன்புற்றவர் யார்? வீட்டையும் பதவியையும் குறித்து மட்டுமல்ல, செய்த தொண்டின் கல்வெட்டில் தன் பெயரைத் தேடும் கண்ணைக் குறித்தும் இவ்வாறு கேட்க வேண்டும். அன்பைக் கைவிட வேண்டியதில்லை. கோளத்தை விட்டுவிட்டு, கதறும் உயிரின் பக்கம் அந்த அன்பைத் திருப்பினால் போதும்.