அறியும் உரிமையும் அறிவின் கடனும்: கரமனைக் கல்லூரி ஒன்றை முன்வைத்து

ஒரு சமூகம் தன் கைப்பொருளைத் திரட்டி எழுப்பிய கல்லூரியில் விளையும் ஆராய்ச்சி யாருக்கு உரியது, அதன் மதிப்பை எதைக் கொண்டு அளப்பது என்னும் வினா, இக்காலத்தில் பெரும்பாலும் நிருவாக வினாவாகவே எழுப்பப்படுகிறது. 1994இல் தோன்றிய தேசிய மதிப்பீட்டு அவையான 'நாக்' கல்லூரிகளைத் தரம்பிரிக்கும்போது ஆராய்ச்சியைத் தனித்ததோர் அளவுகோலாக வைத்திருக்கிறது. 2010இல் வந்த பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள், ஆசிரியரின் கட்டுரைகளுக்குப் புள்ளிகள் வழங்கி, அப்புள்ளிகளைப் பதவி உயர்வோடு பிணைத்தன. ஆயினும் இவ்வினா மானியக் குழுவுக்கு மிக முந்தியது. அறிதல் யாருடைய உரிமை, அறிந்தவர் யாருக்குக் கடன்பட்டவர் என்று இந்தியச் சமயச் சிந்தனை நெடுங்காலம் வாதிட்ட இரண்டு கேள்விகள் அதனுள் அடங்கியிருக்கின்றன.

முதற்கேள்வியை வேதாந்த நூல்கள் 'அதிகாரம்' என்னும் பெயரால் பேசுகின்றன. ஒரு நூலைக் கற்கவும் அதன் பொருளை விசாரிக்கவும் ஒருவருக்குள்ள தகுதியோடு கூடிய உரிமையே அதிகாரம் எனப்படும். பிரம்மசூத்திரத்தின் ஒரு பகுதிக்கு எழுந்த பழைய உரைகள் இவ்வுரிமையைச் சூத்திரர்க்கு மறுத்தன. இரண்டாம் கேள்விக்குரிய விடை தைத்திரீய சங்கிதையில் இருக்கிறது. பிராமணன் மூன்று கடன்களோடு பிறக்கிறான் என்றும், வேள்வியால் தேவர்க்கும், மக்கட்பேற்றால் முன்னோர்க்கும், கல்வியால் முனிவர்க்கும் அவன் அக்கடன்களைத் தீர்க்க வேண்டும் என்றும் அந்நூல் கருதுகிறது. மூன்றாவதாகிய முனிவர் கடன் ஆழமான கருத்து. முன்னோர் கண்டறிந்ததைப் பெற்றவர், அதைக் கற்றும் கற்பித்தும் அடுத்த தலைமுறையிடம் சேர்ப்பதாலேயே அதைத் தீர்க்க முடியும். ஆனால் அக்கடன் பிராமணனுக்கு மட்டுமே சொல்லப்பட்டது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கற்கும் உரிமை எவருக்கு மறுக்கப்பட்டதோ, அவர் தலைமேல் கல்விக்கடனும் ஏற்றப்படவில்லை.

இந்த வேலியை உடைத்தவர்களுள் ஒருவர் திருவனந்தபுரத்துக் கண்ணம்மூலையில் 1853இல் பிறந்த சட்டம்பி சுவாமிகள். வறுமையில் வளர்ந்து, கூலிவேலை செய்து, தமிழும் வடமொழியும் கற்று, தைக்காட்டு அய்யாவு சுவாமிகளிடம் யோகம் பயின்ற அவர், வேதம் ஓதும் உரிமை அனைவர்க்கும் உண்டென்பதை வேதநெறிக்குள்ளிருந்தே நிறுவுவதற்கு 'வேதாதிகார நிரூபணம்' என்னும் நூலை இயற்றினார். வேதத்தைப் புறந்தள்ளிவிட்டு அவர் உரிமை கேட்கவில்லை. வேதத்தையே சான்றாக்கிக் கேட்டார். அவ்வாதத்திலிருந்து ஒரு முடிவு தானே பிறக்கிறது. உரிமை எல்லார்க்கும் விரியுமானால், முனிவர் கடனும் எல்லார்க்கும் விரிந்தே ஆக வேண்டும். முதலாவதை ஏற்றுக்கொண்டு இரண்டாவதைத் தள்ள வழியில்லை.

திருவனந்தபுரத்தில் கரமனையைக் கடந்து நாகர்கோவில் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் நீறமண்கரையில் அமைந்துள்ள என்.எஸ்.எஸ். மகளிர் கல்லூரியை இந்த முடிவின் வெளிச்சத்தில் பார்ப்பது தகும். 1951இல் தொடங்கப்பெற்ற அக்கல்லூரி, 1914 அக்டோபர் 31ஆம் நாள் மன்னத்து பத்மநாபன் முதலியோர் விளக்கின் முன் உறுதியேற்றுத் தொடங்கிய நாயர் சேவைச் சங்கத்தின் நிறுவனங்களுள் ஒன்று. சங்கம் தன் கல்விப் பணிக்குப் பொருள் திரட்டிய வழிகளில் 'பிடியரி' குறிப்பிடத்தக்கது: உலையில் இடுவதற்கு அளந்தெடுத்த அரிசியிலிருந்து வீட்டுப்பெண்கள் ஒரு பிடியை எடுத்துத் தனிக்கலத்தில் சேர்த்து வைக்க, ஊர்தோறும் அது திரட்டப்பட்டு விலையாக்கப்பட்டது. அந்தப் பிடியை எடுத்த கைகளுள் பல எழுத்தறியாதவை. எனவே, இக்கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் நிற்கும் ஒரு பெண், முனிவர்க்குப் பட்ட கடனோடு அடுப்படிக்குப் பட்ட கடனையும் சேர்த்தே சுமக்கிறாள். கேரளத்தில் 1972இல் தனியார் கல்லூரி ஆசிரியர்க்கு அரசே நேரடியாக ஊதியம் வழங்கும் முறை வந்த பிறகு, கடன் கொடுத்தவர் பட்டியலில் வரிசெலுத்தும் எல்லாரும் சேர்ந்துவிட்டனர். சமூகக் கல்லூரி என்பதிலுள்ள 'சமூகம்' ஒரு சாதியின் எல்லையைத் தாண்டிவிட்டது.

இவ்விடத்தில் ஒரு தடை எழும்புவதை ஒதுக்க முடியாது. உண்மைக்கு ஊரும் இனமும் இல்லை. ஒரு சமூகத்துக்குக் கடன்பட்டதாகக் கருதும் ஆராய்ச்சி, அச்சமூகத்தின் பெருமையைப் பாடும் வேலையாகச் சுருங்கிவிடாதா என்பதே அத்தடை. இது வலுவானது, சமூக நிறுவனங்களின் மலர்களிலும் வரலாறுகளிலும் அத்தகைய சுருக்கம் நிகழ்ந்திருப்பதை எவரும் காணலாம். இதற்கு விடையாகத் திருவனந்தபுரமே தரும் சான்று, மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளையின் வாழ்வு.

1855 முதல் 1897 வரை வாழ்ந்த அவர், மகாராசா கல்லூரியில் தத்துவப் பேராசிரியர். அக்கல்லூரி இணைந்திருந்த சென்னைப் பல்கலைக்கழகம் அந்நாளில் தேர்வு நடத்தும் அமைப்பாக மட்டுமே இருந்தது. ஆராய வேண்டும் என்று எந்த விதியும் கல்லூரி ஆசிரியரை வற்புறுத்தவில்லை. அவரோ திருவிதாங்கூரின் கோயில்களில் இருந்த கல்வெட்டுகளைத் தேடிப் படித்து, வேணாட்டுப் பழைய மன்னர்களின் காலத்தை வரையறுத்து நூல் எழுதினார். கோடகநல்லூர் சுந்தர சுவாமிகளைக் குருவாகக் கொண்ட அவர், திருவனந்தபுரத்தில் சைவப் பிரகாச சபை தோன்றக் காரணமாயிருந்த அழுத்தமான சைவர். திருஞானசம்பந்தரின் காலத்தைக் கால்டுவெல் 13ஆம் நூற்றாண்டின் இறுதிக்குத் தள்ளியபோது, புராணத்தைக் காட்டி அதை மறுக்க அவர் முயலவில்லை. சங்கரருக்குரியதாகக் கருதப்படும் சௌந்தரியலகரி பேசும் திராவிடக் குழந்தை சம்பந்தரே எனக் கொண்டு, இத்தகைய அகச்சான்று புறச்சான்றுகளை அடுக்கி, ஏழாம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டவராக அவர் இருக்க இயலாதென நிறுவினார். அவ்வாராய்ச்சி முதலில் வெளிவந்த இடம் மதராஸ் கிறித்தவக் கல்லூரியின் இதழ். சைவர் ஒருவரின் ஆய்வைக் கிறித்தவக் கல்லூரி ஒன்று அச்சேற்றிய அச்செயலில், கல்லூரி என்னும் அமைப்பின் மேன்மை முழுவதும் தெரிகிறது. தம் சமயத்தின்மேல் கொண்ட அன்பு அவருக்கு வினாவைத் தந்தது. விடையைச் சான்றுகளே தந்தன. சமூகத்துக்குப் பட்ட கடன் ஆராய்ச்சியைக் கெடுப்பது, விடையிலும் அது தலையிடும்போதுதான்.

வினா ஓர் ஊரிலிருந்து பிறப்பது இழுக்கன்று. அதுவே சிறிய கல்லூரியின் வலிமை. கரமனையாறு அகத்தியமலைத் தொடரில் தோன்றி ஏறத்தாழ 68 கிலோமீட்டர் ஓடிக் கடலில் கலக்கிறது. அருவிக்கரையில் நகரத்துக்குக் குடிநீர் தந்துவிட்டு, கீழே இறங்க இறங்க நகரத்தின் கழிவை வாங்கிக்கொள்கிறது. ஓர் இளநிலை மாணவி அந்நீரின் உயிர்ப்பை அளக்க விலைமிக்க கருவி வேண்டியதில்லை. காற்றுக்குமிழி புகாதபடி குப்பியை நீருக்குள்ளேயே நிரப்பி, மாங்கனீசு சல்பேட்டும் காரம் கலந்த அயோடைடும் சேர்த்தால் பழுப்பு நிற வீழ்படிவு இறங்கும்; நீரில் பிராணவாயு மிகக் குறைவாயின் அது வெண்மையாகவே இருக்கும். அமிலத்தில் அதைக் கரைத்து, மாவுக் கரைசலால் நீலமேறிய நீரின் நிறம் நீங்கும்வரை தயோசல்பேட்டைத் துளித்துளியாக விட்டு, செலவான அளவிலிருந்து கரைந்துள்ள பிராணவாயுவைக் கணக்கிடலாம். 1888இல் ஹங்கேரிய வேதியியலார் விங்க்லர் வகுத்த முறை இது, புதுமை எதுவுமில்லை. ஒரே படித்துறையில், ஒரே மாதத்தில், முப்பது ஆண்டுகள் மாணவியர் மாறிமாறி எடுத்த அளவுகள் வரிசையாக இருக்குமாயின், உலகின் எந்தப் பெரிய ஆய்வகமும் தர முடியாத அறிவு அது. இடம்பெயராத கல்லூரிதான் அத்தகைய பொறுமையைக் கொள்ள முடியும்.

அவ்வறிவுக்குப் புள்ளிமுறையில் இடமில்லை என்பதே வருத்தத்துக்குரியது. வெளியான கட்டுரையே எண்ணப்படுவதால், வெளியிடுவதற்காகவே எழுதும் பழக்கம் வளர்ந்து, பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்கள் நாடெங்கும் பெருகின. கீதை பேசும் பயன் கருதாச் செயலைச் சோம்பலுக்கு அரணாகக் காட்டுவோர் உண்டு. அளவீடே வேண்டாம் என்னும் ஆசிரியர்க்கு அது நிழல் தராது. கடன் என்று ஒன்று இருக்குமாயின் கணக்கும் இருந்தே ஆக வேண்டும். எதைக் கணக்கில் சேர்ப்பது என்பதில்தான் வேறுபாடு: பெற்ற அறிவு அடுத்தவரிடம் சேர்ந்ததா, ஐயப்பட்டுச் சோதிக்கப்பட்டதா, பிறர் எடுத்துப் பயன்படுத்தும் வகையில் காக்கப்பட்டதா என்பவை முனிவர் கடனின் கணக்குகள். மதிப்பெண் இட்டவுடன் இளநிலை ஆய்வேடுகள் பெரும்பாலும் அலமாரியில் மக்கிப்போகும் வழக்கம், இக்கணக்கின்படி பெருங்குற்றமாகிறது.

கேரளத்தில் 2024 சூலை 1ஆம் நாள் நான்காண்டு இளநிலைப் படிப்பு தொடங்கியது. அதன் நான்காம் ஆண்டில் ஆராய்ச்சியோடு கூடிய சிறப்புப் பட்டம் பெற வழி உண்டு. இதுகாறும் முனைவர் பட்டத்தோடு தொடர்புடையதாக எண்ணப்பட்ட ஆராய்ச்சி, இருபத்தொரு வயதுப் பெண்ணின் கைக்கு வந்துசேர்கிறது. முதல் அணியினர் 2027இல் அந்த ஆண்டுக்குள் நுழையும்போது, எங்கோ எழுதப்பட்ட கட்டுரையின் நகலை அவர்கள் செய்வார்களா, தம் பாட்டியர் பிடியரி எடுத்த வீடுகளையும் தம் ஊர் ஆற்றையும் நோக்கி வினா எழுப்புவார்களா என்பது, அவர்கள் ஆசிரியர் அதற்கு முந்திய ஆண்டுகளில் வகுப்பறையில் எதை ஐயத்துக்கு உரியதாக எடுத்து வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்திருக்கிறது.