பூம்பாவைக்குச் சொன்ன காரணம்

ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் அக்கா மகள் ஃபோனில் அடிக்கடி சொல்வாள்: "சித்தி, இங்க வெயில் அடிச்சாக்கூட, நாளைக்கு மழை வந்துடும்னு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கறாங்க." அங்கே உள்ளவர்களோ அவளிடம், "உலகமே மாயை என்கிறவர்கள்தானே நீங்கள்?" என்று கேட்பார்களாம். இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டே பேசுவதுதான். ஆனால் கல்லூரியில் தத்துவம் நடத்திய காலத்திலிருந்து இந்தப் பேச்சு என்னை உறுத்துகிறது. இதற்குப் பின்னால் கனமான ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது.

ஆப்பிரிக்காவில் லம்பரேனேயில் ஆஸ்பத்திரி நடத்திய ஆல்பர்ட் ஷ்வைட்சர், 1935இல் இந்தியச் சிந்தனையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஐரோப்பிய மனம் உலகத்தையும் வாழ்வையும் ஏற்கிறது, இந்திய மனம் மறுக்கிறது என்பது அவர் போட்ட கோடு. ராதாகிருஷ்ணனுக்கு இந்த மாதிரிக் கேள்வி புதிதல்ல. சென்னை கிறிஸ்தவக் கல்லூரி மாணவராக இருந்தபோதே கேட்டுப் புண்பட்டவர். வேதாந்தத்தில் அறத்துக்கு இடமுண்டு என்று எம்.ஏ. ஆய்வேடு எழுதினார். ஷ்வைட்சருக்கு 1939இல் வந்த தம் நூலில் விரிவாகவே பதில் சொன்னார். பிற்காலத்தில் அவர் வாழ்ந்த மயிலாப்பூர்ச் சாலைக்கு இன்று அவர் பெயர்தான்.

கோடு அவ்வளவு நேராக ஓடவில்லை என்பதற்கு ஷோபன்ஹவர் ஒருவரே போதும். ஐரோப்பாவின் பெரிய அவநம்பிக்கைவாதி அவர். லத்தீன் வழியாக உபநிடதங்களைப் படித்து, தம் வாழ்வுக்கும் சாவுக்கும் அதுவே ஆறுதல் என்றார்; வளர்த்த நாய்க்கு ஆத்மா என்று பெயர் வைத்தார். அதே உபநிடதங்களை வைத்துக்கொண்டுதான் 1897இல் விவேகானந்தர் சென்னை இளைஞர்களிடம் பலத்தைப் பற்றிப் பேசினார். ஒரே நூலிலிருந்து ஒருவர் ஆறுதலை எடுத்தார், மற்றவர் துணிச்சலை. இதில் எதைத் தேசத்தின் குணம் என்பது?

ஷ்வைட்சருக்கு ஒரு நியாயம் செய்தாக வேண்டும். குறளைப் படித்த இடத்தில் அவர் நின்றுவிட்டார்; வாழ்வை ஏற்கும் குரல் இந்தியாவில் இங்கே கேட்கிறது என்று மனதாரப் புகழ்ந்தார். அந்தக் குறளிலேயே நிலையாமைக்கு ஓர் அதிகாரம் இருக்கிறது, காமத்துப்பாலும் இருக்கிறது. சாவு நிச்சயம் என்று சொன்ன அதே வாய் ஊடலைப் பற்றியும் பேசுகிறது. எங்களூர்க்காரர் என்று மயிலாப்பூர் கொண்டாடும் வள்ளுவருக்கு இதில் முரண் எதுவும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

ஷ்வைட்சர் மயிலாப்பூரில் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாளைப் பார்த்திருக்க வேண்டும் என்று நான் நினைப்பதுண்டு. பிற்பகலில் அறுபத்துமூவர் வருவதற்குள் மாட வீதிகளில் கால் வைக்க இடமிருக்காது; பானகமும் நீர்மோரும் கேட்காமலே கைக்கு வரும். எனக்கு அன்று காலைதான் முக்கியம். பாம்பு கடித்து இறந்த மகள் பூம்பாவையின் சாம்பலைக் குடத்தில் காத்து வைத்திருந்தார் சிவநேசர். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் அந்தக் குடத்தின் முன் நின்று பதிகம் பாடினார். குளக்கரையில் ஓதுவார் அதைப் பாடக் கேட்கும்போது ஒவ்வொரு வருஷமும் எனக்குத் தொண்டை அடைக்கும். ஆன்மா அழியாது என்ற உபதேசம் அதில் இல்லை. கார்த்திகை விளக்கு, திருவாதிரை, தைப்பூசத்து நெய் மணக்கும் சோறு, மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று இந்த ஊரின் திருவிழாக்களை வரிசையாகச் சொல்லி, இவற்றையெல்லாம் பார்க்காமல் போய்விடுவாயா என்று செத்த பெண்ணிடம் கேட்கிறார். அவள் எழுந்து வருகிறாள். உயிரோடு இருப்பதற்கு இதைவிட நல்ல காரணத்தை எந்தத் தத்துவ வகுப்பிலும் நான் சொல்லிக்கொடுத்ததில்லை.

கதை கல்யாணத்தில் முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சேக்கிழார் சொல்கிறபடி, உயிர் கொடுத்த நான் தந்தை முறை என்று சம்பந்தர் அவளை மணக்க மறுத்துவிட, பூம்பாவை மணமில்லாமல் சிவனை எண்ணியே வாழ்ந்து முடித்தாள். "பார்த்தீர்களா, கடைசியில் துறவுதானே?" என்று ஷ்வைட்சர் கட்சிக்காரர்கள் கேட்கலாம். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவளைத் திரும்ப அழைத்தது விளக்கும் சோறும் கடலும். அவள் துறந்தது, அந்த அழைப்புக்கு இணங்கி வந்த பிறகு.