கையிலுள்ள இல்மு

பட்டறைக்குப் போகும் பிள்ளையைப் 'படிப்பு ஏறாதவன்' என்கிறோம். ஏட்டில் உள்ளது மட்டும்தானா இல்மு?

தியார்பக்கிரில் அர்துக் மன்னர்களிடம் பணி புரிந்தவர் அல்ஜஸரீ. ஹிஜ்ரி 602-ல் (கி.பி. 1206) அவர் முடித்த நூலில் 50 கருவிகள் உள்ளன. பணியாளர் தண்ணீர் ஊற்றி ஒளுச் செய்வதை மன்னர் விரும்பவில்லை; அதற்காகவே தானே நீர் வார்க்கும் கருவியொன்றைச் செய்து கொடுத்தார்.

முன்னோரின் நூல்களை அவர் மதித்தார். ஆனால், செய்து பார்க்காத ஒன்றை மெய்யென்று ஏற்கவுமில்லை, பொய்யென்று தள்ளவுமில்லை. இன்னொருவர் செய்யக்கூடிய விதத்தில், வால்வு கசியாதிருக்க எமரித் தூளிட்டுத் தேய்ப்பதைக்கூட எழுதி வைத்தார். ஏறத்தாழ 770 ஆண்டுகளுக்குப் பின், 1976-ல் லண்டனில் அவருடைய நீர்க் கடிகாரத்தை மறுபடி செய்து ஓட்ட முடிந்தது அதனால்தான்.

எமரித் தூள் படிந்த அந்தக் கையை எந்த வரிசையில் வைப்போம்?