வேட்டைப் பறவையும் நம் பிள்ளைகளும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

உண்ணத் தகுந்தது எது, தகாதது எது என்று விவரிக்கும் ஸூரத்துல் மாயிதாவின் 4-வது வசனத்தில் அல்லாஹுத் தஆலா ஒரு நுட்பமான விஷயத்தையும் சேர்த்து அருளியிருக்கிறான். நாம் பழக்கிய வேட்டைப் பிராணி நமக்காகப் பிடித்துத் தருவதும் ஹலால் என்பதே அது. பழக்காத பருந்து அடித்துக் கொன்ற கௌதாரி செத்த பிராணியாகும். அதை நாம் உண்ணலாகாது. பழக்கிய ராஜாளியை பிஸ்மி சொல்லி விட, அது அடித்த கௌதாரியோ நமக்கு உணவு. நகம் அதே நகம். அலகு அதே அலகு. வித்தியாசம் கல்வி ஒன்றே! ஒரு பறவைக்கே கல்வி இந்த அந்தஸ்தைத் தருமாயின், மனிதனுக்கு என்னதான் தராது?

அந்தக் கல்வி எப்படிக் கொடுக்கப்படுகிறது என்பதைச் சற்றுக் கவனிப்போம்.

அரபு நாடுகளில் வேட்டைக்காலம் என்பது குளிர்காலம். ஹுபாரா என்னும் பறவை வடதிசையிலிருந்து வலசை வரும் சமயம் அது. கோடையில் ராஜாளி பழைய இறகை உதிர்த்துப் புது இறகு முளைத்து நிற்கும். அதன் பின்பே பாடம் தொடங்கும். தலைக்குத் தோல் குல்லா, காலுக்குத் தோல் வார். கண் மறைந்ததும் பறவையின் பயம் தணிகிறது. பழக்குகிறவர் உறையணிந்த கையில் அதை மணிக்கணக்காகச் சுமப்பார். ஆட்கள் கூடிய மஜ்லிஸிலும் வைத்திருப்பார். தம் கையாலேயே இறைச்சி ஊட்டுவார். பின்னர் காலில் நீண்ட கயிறு கட்டி, சிறிது தூரத்திலிருந்து அழைப்பார். நாளுக்கு நாள் தூரத்தைக் கூட்டுவார். இறகுகளால் கட்டிய போலி இரையைச் சுழற்றிக் காட்டுவார். தினமும் எடை பார்ப்பார். கொழுத்துவிட்டால் அது திரும்பி வராது. மெலிந்துவிட்டால் பறக்க மாட்டாது. கடையில் தராசு பிடிக்கும் நமக்கு அந்த நிதானம் நன்கு விளங்கும்.

கடைசியில் ஒரு நாள் கயிற்றை அவிழ்த்து விடுவார். அன்றைக்கு வானம் முழுவதும் அதற்குச் சொந்தம். திரும்பி வரும்படி கட்டாயப்படுத்த எவராலும் முடியாது. அது வந்தால், பட்ட பாடு பலித்தது. வராவிட்டால் எல்லாம் வீண்.

13-ம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சக்கரவர்த்தி இரண்டாம் பிரடெரிக், தலைக் குல்லா போடும் முறையை அராபியரிடமிருந்தே கற்றார். 2010-ல் யுனெஸ்கோ இக்கலையை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

இனி மார்க்கச் சட்டத்தைப் பாருங்கள். ஷாபிஈ மத்ஹபில், பிடித்ததைத் தின்னாதிருப்பது பறவைக்கும் நிபந்தனை. ஹனபி மத்ஹபில் அந்நிபந்தனை நாய்க்கு மட்டும். பறவைக்கோ அழைத்தவுடன் திரும்பி வருவதே கல்வியின் அடையாளம். இதற்கு ஹனபி நூலான ஹிதாயா கூறும் காரணம் நம் சிந்தனைக்குரியது: நாயின் உடல் அடியைத் தாங்கும், பறவையின் உடல் தாங்காது. ஆகவே அடித்துப் பழக்க வழியில்லாத ஜீவனிடம், திரும்பி வந்தாலே போதும் என்று பெருமக்கள் தீர்ப்புச் செய்தார்கள்.

அதீ பின் ஹாத்திம் (ரலி) அவர்கள் வேட்டையைப் பற்றிக் கேட்டபோது நாயகம் (ஸல்) அவர்கள், உம்முடைய நாயுடன் வேறொரு நாயும் சேர்ந்துகொண்டால் அதை உண்ணாதீர் என்று தடுத்தார்கள். பிஸ்மி சொன்னது நம்முடையதன் மீதுதானே! கல்லாவில் கலப்பு வராமல் காப்பதற்கும் இதுவே பாடம்.

சகோதரர்களே! இங்கே ஈஜோக்கில் ராஜாளி பழக்குவார் எவருமில்லை. பழக்கவும் கூடாது, அனுமதியின்றிக் காட்டுப் பறவையைப் பிடிப்பது 2010-ம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். ஆயினும் இரண்டு பறவைகளை நாம் அறிவோம். கோலசிலாங்கூர் ஆற்றில் படகிலிருந்து இறைச்சித் துண்டை எறிந்தால் செம்பருந்துகள் சுழன்று இறங்கும். அவை தீனிக்கு வருகின்றன, ஏவினால் போகமாட்டா. செம்பனைத் தோட்டங்களில் பெட்டி வைத்தால் கூகை குடியேறி எலியைப் பிடிக்கிறது. அதனால் தோட்டத்துக்கு நன்மைதான். ஆனால் அதற்கு நம்மைத் தெரியாது.

பிள்ளைகளிலும் இவ்வகையினர் உண்டு. காசு நீட்டினால் மட்டும் வருகிற பிள்ளை செம்பருந்து. நன்றாகச் சம்பாதித்தும் தாய் தகப்பனை அறியாதிருக்கிற பிள்ளை கூகை. ஏவினால் போய், அழைத்தால் வந்து, கையில் கிடைத்ததை அமானிதமாகக் காக்கும் பிள்ளையே கற்ற பிள்ளை. அத்தகைய பிள்ளையை உண்டாக்குவது எது? பிரம்பா?

“அடியாத மாடு படியாது” என்று நம்மில் பலர் சொல்லுகிறோம். மாட்டுக்குக் கயிறு கடைசிவரை உண்டு. பிள்ளைக்கோ பதினெட்டு வயதில் கயிறு அவிழ்ந்துவிடும். கிள்ளானுக்கோ கோலாலம்பூருக்கோ வேலைக்குப் போன பின் நம் பிரம்பு அங்கே எட்டாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு அவன் போவதும், பெருநாளைக்கு வீடு வருவதும் அவன் மனத்தைப் பொறுத்தவை. பயத்தால் நின்றவன் பயம் போனதும் பறந்துவிடுவான். அன்பால் பழகியவனே தன் கூட்டைத் தேடுவான்.

ஆகவே தகப்பன்மார்களே, கடை சாத்திய பின் அரை மணி நேரமாவது பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கையால் ஒரு கவளம் ஊட்டுங்கள். ஓதியதைக் கேளுங்கள். மிதமிஞ்சிக் கொடுத்துக் கொழுக்க வைக்காதீர்கள். வாட விட்டும் வதைக்காதீர்கள். மத்ரஸா உஸ்தாதுகளுக்கும் இதுவே நம் பணிவான வேண்டுகோள்.

பழக்கும் அறிவும் அல்லாஹ் நமக்குக் கற்பித்ததே என்று அதே வசனம் நினைவூட்டுகிறது. வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளை, அழைக்கும்போது திரும்பி வருவோராக ஆக்கியருள்வானாக! அவன் அழைக்கும்போது நாமும் அவ்வாறே திரும்ப அருள்வானாக! ஆமீன்.