பிறர் நோவை அளக்குமாறு

ஓருயிர் படும் நோவினைப் பிறிதோருயிர் அளந்தறிதல் கூடுமோ என்னும் வினா மருத்துவர்க்கேயன்றிச் சித்தாந்தம் பயில்வார்க்கும் உரியதாம். நாஞ்சில் நாட்டை அடுத்த நெய்யூரில் 1838ஆம் ஆண்டு ஒரு மருத்துவமனை தொடங்கிற்று. எவரெஸ்டு மலையேற முயன்ற சாமர்வெல் என்னும் அறுவை மருத்துவர் 1920களில் அங்கு வந்து நெடுங்காலம் தொண்டாற்றினர். புற்றுநோய்ச் சிகிச்சையும் அவ்வூரில் நடைபெற்று வருகின்றது. வெற்றிலையோடு புகையிலை மெல்லும் வழக்கமுடைய இப்பகுதியார்க்கு வாய்ப்புற்று அறியாத நோயன்று.

இத்தகையோர் வலி போதிய அளவு தணிக்கப்பட்டதா என்றறிய 1994இல் மருத்துவநூலார் ஒரு கணக்கு வெளியிட்டனர். நோயாளர் தம் வலியைச் சுழி முதல் 10 வரை ஓரெண்ணாற் கூறுவர். அதனை இன்மை, சிறிது, நடுத்தரம், கடுமை என 0 முதல் 3 வரை படிப்படுத்துவர். மருந்தினையும், இன்மை, பாரசிட்டமால் போன்ற எளியது, கொடீன் போன்ற இடைத்தரம், மார்பீன் போன்ற வலியது என அவ்வாறே படிப்படுத்துவர். மருந்தின் படியினின்று வலியின் படியைக் கழிக்க வருவது சுழிக்குக் கீழ்ப்படின் தணிப்புப் போதாது என்பது முடிபு.

இதன்கண் ஒரு குறையுளது. கடுவலியுடையார்க்கு மார்பீன் எழுதிக் கொடுத்தமாத்திரத்தே மூன்றில் மூன்று போகச் சுழி வரும், கணக்கு நேராயிற்று. அம்மருந்து அவர் கைக்கு எட்டியதோ, அன்றிரவு அவர் உறங்கினரோ என்பதனை அக்கணக்கு வினவாது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருட் சட்டத்தால் மார்பீன் நோயாளர்க்கு அரிதாயிற்று என்பதும், அதனை எளிதாக்கவே 2014இல் திருத்தம் வந்தது என்பதும் நினைக்கற்பாலன. கொடுத்தவர் செயல் அளக்கப்பட்டது. பெற்றவர் துயர் தீர்ந்தமை அளக்கப்பட்டிலது.

சிவஞான சித்தியார் காட்சியை நால்வகைப்படுத்தி, இன்பதுன்பங்களை உயிர் தானே நுகர்ந்தறிதலைத் தன்வேதனைக் காட்சி என்னும். வலியைப் பற்றிய அக்காட்சி நோயாளர்க்கே உரியது, மருத்துவர்க்குள்ளது கருதலே. அக்கருதலுக்குத் தலையாய ஏது நோயாளர் சொல். முகக்குறியும் நாடியும் துணையேதுக்களாம். வாய்ப்புற்றாற் பேசவியலாதார் விரலால் எண் காட்டினும் அதுவும் சொல்லேயென்க. ஆகலின், 'இத்துணை வலி இராது' என மருத்துவர் அவ்வெண்ணைத் தள்ளுதல், தமக்கில்லாத காட்சியைத் தமக்குண்டெனக் கோடலாம்.

அற்றேல், வலி நுகர்வினையன்றோ, நுகர்ந்தே கழியற்பாலதனைத் தணித்தல் தகுமோ எனின், தகும். பிறர் வினையின் அளவை இறைவனன்றி அறிவார் யார்? மருந்தும் மருத்துவன் வரவும் அவனருளாற் கூட்டப்பட்டனவாதல் கூடாதோ? சூலையால் நொந்து வந்த தம்பியாரைத் திலகவதியார், 'வினைப்பயன், நுகர்க' என்று விடுத்திலர்; திருநீறளித்துத் திருவதிகைத் திருக்கோயிலுக்கு உடன்கொண்டு சென்றனர். பிறர் வலியைப் பொறுத்துக்கொள்ளுமாறு கூற வினைக்கொள்கையைத் துணைக்கொள்வார் இதனை உன்னுக.

கணக்கே வேண்டாவென்பது எம் கருத்தன்று. பலர்க்கு மருந்து மறுக்கப்படுதலை அது வெளிப்படுத்தும். ஆயினும் சுழி வந்தபின்னும் நோயாளர் அருகிருந்து, 'இப்பொழுது எவ்வாறுளது?' என மீட்டும் வினவி, அவர் கூறும் விடையை மெய்யெனக் கொண்டாலன்றி அவ்வளவை நிரம்பாது.