அழைக்கும் பெயரும் சுட்டும் பெயரும்

மனிதரைக் குறிக்கும் சொற்கள் இருவகைப் பணி புரிவன. ஒருவரை முன்னிறுத்தி அழைத்தல் ஒன்று. அவர் இல்லாவிடத்து அவரைச் சுட்டுதல் மற்றொன்று. பெரும்பாலான பெயர்கள் இவ்விரு பணியையும் ஒருங்கே செய்யும். சில பெயர்களோ சுட்டுவதற்கு மட்டுமே பயன்படும். உரியவர் முகத்தை நோக்கி அவற்றைச் சொல்ல எவருக்கும் நா எழுவதில்லை. அத்தகைய பெயர்களால் மனிதரைக் குறித்தல் அறத்தோடு பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயப்படும் வினா. இவ்வினா இலக்கணத்தில் தோன்றுவதாயினும் இலக்கணத்தோடு முடிந்துவிடுவதன்று.

கிழக்கிலங்கையில், திருக்கோவிலிலிருந்து பொத்துவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த கடலோர ஊர் கோமாரி. அதன் வடக்கே அக்கரைப்பற்று, நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என முஸ்லிம்கள் வாழும் ஊர்களும் அவற்றோடு விரவித் தமிழர் வாழும் ஊர்களும் தொடர்கின்றன. இக்கரையோரத்தில் முதியோர் இளையோரை, உறவு அறிந்தும் அறியாமலும், 'மனே' என்று அழைப்பர். 'மகனே' என்பதன் தேய்ந்த வடிவமே அது. மூத்தவரை முஸ்லிம்கள் 'காக்கா', 'ராத்தா' என்றும், தமிழர் 'அண்ணன்', 'அக்கா' என்றும் விளிப்பர். 'மச்சான்' என்னும் சொல் இரு சாராருக்கும் பொது. முன்பின் அறியாத ஒருவரையும் இச்சொற்கள் ஒரு நொடியில் உறவுக்குள் இருத்திவிடுகின்றன. அழைப்பவரும் தம்மை அவ்வுறவின் மறுமுனையில் நிறுத்திக்கொள்கின்றார் என்பது கருதத்தக்கது. ஒருவரை 'மனே' என்றவர், அக்கணத்தில் தம்மைத் தாயாகவோ தந்தையாகவோ ஒப்புக்கொண்டவராகின்றார்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையில் மிகுதியான உயிரிழப்பைக் கண்ட மாவட்டம் அதுவே. அதனைத் தொடர்ந்து உதவி வந்தது. உதவியோடு பட்டியல்கள் வந்தன. பட்டியல்களோடு சொற்களும் வந்தன. 'பாதிக்கப்பட்டோர்', 'இடம்பெயர்ந்தோர்', 'பயனாளி' என்பன அவற்றுள் தலையாயவை. வீட்டையும் தோணியையும் வலையையும் பெற்ற பிள்ளையையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு நின்றவர், படிவத்தில் 'பயனாளி' ஆனார்.

இச்சொல்லின் அமைப்பு நோக்கற்பாலது. 'ஆளி' என்னும் ஈறு 'ஆள்' என்னும் வினையடியோடு தொடர்புடையது. தொழிலாளி தொழிலைத் தன்னிடம் உடையவர். முதலாளி முதலை உடையவர். ஆனால் அதே ஈறு 'நோயாளி', 'கடனாளி' என்னும் சொற்களிலும் வருகின்றது. நோயாளி நோயை ஆள்பவரல்லர், நோயால் ஆளப்படுபவர். கடனாளியின் நிலையும் அதுவே. 'பயனாளி' என்பது இவ்விரு வரிசையுள் எதனைச் சார்ந்தது? சொல்லளவில் அது முதலாளியின் பக்கம் நிற்கின்றது. பொருளளவில் கடனாளியின் பக்கம் சாய்கின்றது. கிடைத்த பயனுக்கு நன்றியுடையவராக, வரிசையில் பொறுமை காப்பவராக, கேட்டபோதெல்லாம் கையொப்பம் இடுபவராக அவர் இருத்தல் வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு அச்சொல்லோடு ஒட்டிக்கொண்டே வருகின்றது.

விகுதிகள் உயர்வு தாழ்வு கற்பித்தல் புதிதன்று. இப்பகுதியில் நிலவுடைமையாளர் 'போடியார்' எனப்படுவர். அவருடைய வயலில் தங்கிப் பயிரைக் காத்து வந்தவர் 'முல்லைக்காரன்' எனப்பட்டார். உடையவருக்கு 'ஆர்' விகுதியும் உழைப்பவருக்குக் 'காரன்' ஈறும் வாய்த்தமை சொல்லின் தற்செயலன்று. சமுதாயத்தின் அளவுகோல் சொல்லில் பதிந்தமையே அது.

தமிழ் இலக்கணத்தார் இவ்விடத்தில் ஒளி தரும் இரண்டு செய்திகளைக் கூறியுள்ளனர். அவன், இவன் முதலிய சுட்டுப்பெயர்கள் விளி ஏலா என்றும், முறைப்பெயர் ஏகாரம் பெற்று விளியேற்கும் என்றும் தொல்காப்பிய விளிமரபு வகுக்கின்றது. தொலைவில் நிறுத்திச் சுட்டும் சொல்லால் அழைத்தல் இயலாது. உறவு கூறும் சொல்லோ அழைப்பதற்கென்றே பிறந்தது போன்றது. 'பயனாளி' என்பதை விளிக்க இலக்கணத்தில் தடையில்லை. எனினும் 'பயனாளியே, வாரும்' என எவரும் அழைத்ததில்லை. இலக்கணம் தடுக்காத ஒன்றை மனிதரின் நாணம் தடுக்கின்றது.

இரண்டாவது செய்தி நன்னூலில் உள்ளது. வினையின் பெயர், அதாவது தொழிற்பெயர், படர்க்கைக்கே உரியது. வினையாலணையும் பெயரோ தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூவிடத்திற்கும் உரியது என்பது அதன் கருத்து. அன்றியும் வினையாலணையும் பெயர் காலங்காட்டும். 'இழந்தவர்' என்னும் சொல்லில் இழப்பு இறந்தகாலத்தில் நிற்கின்றது. அவருக்கு இழப்புக்கு முன்னும் ஒரு வாழ்வு உண்டு, பின்னும் ஒரு வாழ்வு உண்டு என்பதனை அச்சொல் மறைப்பதில்லை. மேலும் இழந்தவர் இன்று அவர். நாளை நீயும் ஆகலாம், நானும் ஆகலாம். 'பயனாளி' என்பதற்குக் காலமில்லை. அலை வடிந்து ஆண்டுகள் கழிந்த பின்னும் அப்பெயர் தானாக வடிவதில்லை.

இச்சிக்கல் தமிழுக்கே உரியதன்று. தற்காலச் சீனமொழியிலும் மனிதரைக் குறிக்கும் பெயர்கள் பெரும்பாலும் ஈற்றில் ஒரு சொல்லை இணைத்தே ஆக்கப்படுகின்றன. எழுத்தாளரையும் அறிவியலறிஞரையும் குறிக்கும் பெயர்கள் 'ஜியா' என முடியும். வீடு, குடும்பம் என்பன அதன் அடிப்படைப் பொருள்கள். கடை ஊழியரையும் கட்சி உறுப்பினரையும் குறிப்பவை 'யுவான்' என முடியும். 'மின்' என்பது குடிமக்களைக் குறிப்பது. உழவர் 'நோங்மின்', மீனவர் 'யூமின்', அகதியும் 'நான்மின்', அஃதாவது இடருற்ற குடி. தமிழில் வழங்கும் 'அகதி' என்னும் வடசொல் கதியற்றவரைக் குறிக்கின்றது. சீனச் சொல்லோ இடரின் நடுவிலும் அவரைக் குடியாகவே வைத்திருக்கின்றது. சொல்லாக்கத்தில் இத்துணை நுட்பம் இருந்தும் வழக்கில் நீதி தானாக விளைந்துவிடவில்லை. 1958ஆம் ஆண்டின் குடிப்பதிவு விதிகளின்கீழ் சீன மக்கள் உழவுக்குடி, உழவல்லாத குடி எனப் பகுக்கப்பட்டனர். பின்னாளில் ஊரைவிட்டு நகரங்களுக்குச் சென்று கட்டடம் எழுப்பியோர், ஆலைகளில் உழைத்தோர் 'நோங்மின்கோங்', அதாவது 'உழவுக்குடித் தொழிலாளர்', எனப்பட்டனர். நகரில் எத்தனை ஆண்டு உழைப்பினும் பெயரின் முற்பகுதி அவர்களை விட்டு நீங்கவில்லை. நகரத்தார்க்குரிய பள்ளி, மருத்துவ வசதிகள் முழுமையாகக் கிட்டாமைக்கு அப்பதிவே காரணமாயிற்று. அப்பாகுபாட்டை நீக்குவதாக 2014இல் அரசு அறிவித்தது; சொல்லோ இன்றும் வழங்குகின்றது. ஆயினும் அவ்வுழைப்பாளரை நேரிற் காணும் நகரத்தார் 'ஷிபு' என்று அழைப்பதுண்டு. தொழில் கற்பிக்கும் ஆசானைக் குறித்த சொல் அது. ஏட்டில் இடம்பெயர்ந்த உழவுக்குடி. முகத்துக்கு முன் ஆசான். அழைக்கும் பெயருக்கும் சுட்டும் பெயருக்கும் இடையே உள்ள பிளவு கோமாரிக் கரையில் மட்டுமன்று, அங்கும் காணப்படுகின்றது.

இவ்வாதத்திற்கு இரு தடைகள் எழுதல் கூடும். முதலாவது, நிருவாகத்திற்குப் பொதுப்பெயர் இன்றியமையாதது என்பது. ஆயிரம் குடும்பங்களுக்கு அரிசி பகிர்பவர் ஒவ்வொருவரையும் 'மனே' என்று பட்டியலில் எழுதுதல் இயலாது. உறவு நோக்காது அனைவரையும் ஒரே பெயரால் குறிப்பதிலும் ஒரு நீதி உண்டு. உறவுப்பெயர் ஆட்சி செய்யுமிடத்தில் உறவினருக்கே அரிசி கிடைக்கும். இத்தடை வலுவுடையது, மறுக்கற்பாலதன்று.

இரண்டாவது தடை இன்னும் நுண்ணியது. உறவுப்பெயரும் பொய்க்கும். 'தம்பி' என்று அழைத்தே கூலியைக் குறைப்பவர் உண்டு. முகத்துக்கு முன் அன்போடு ஒலிக்கும் 'காக்கா', உரியவர் அகன்றபின் பிறர் வாயில் 'காக்காமார்' எனப் பன்மையாகி, ஒரு சமூகத்தையே விலக்கிச் சுட்டும் சொல்லாக மாறுவதும் உண்டு. சொல் மாறவில்லை, இடம் மாறியது, அறமும் மாறியது.

இவ்விரு தடைகளும் காட்டுவது யாதெனில், அறம் சொல்லின் வடிவத்தில் மட்டும் தங்கியிருப்பதன்று என்பதே. பெயரிடப்பட்டவர் அப்பெயருக்கு மறுமொழி கூறும் வாய்ப்புப் பெற்றுள்ளாரா என்பதே உண்மையான உரைகல். 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என வாதிட்டுக் கட்டுரை வெளியிட்டார். அதனை மறுத்து ஐ. எல். எம். அப்துல் அசீஸ் எழுதிய நூல் 1907இல் வெளிவந்தது. எவர் வாதம் வரலாற்றிற்கு ஒத்தது என்பது வேறு ஆராய்ச்சி. சுட்டப்பட்டவர்கள் படர்க்கையில் அடங்கியிராது, தன்மையில் நின்று விடை கூறினர் என்பதே இங்கு முதன்மையானது. போர்த்துக்கேயர் வட ஆபிரிக்க முஸ்லிம்களுக்கு வழங்கிய 'மூர்' என்னும் பெயரை இலங்கை முஸ்லிம்கள்மேல் ஏற்றியபோது அத்தகைய விடைக்கு இடமிருக்கவில்லை.

எனவே பட்டியலில் பொதுப்பெயர் இருத்தல் தவறன்று. அது ஒருவருக்குச் செலுத்தவேண்டிய கடமையைக் குறிக்கும் அளவில் நிற்றல் வேண்டும். அவர் யார் என்பதைத் தீர்க்கும் அளவிற்குப் பரவலாகாது. கடமை நிறைவேறியவுடன் அப்பெயரும் ஓய்தல் வேண்டும். அதுவரையில், உரியவர் செவியில் விழுந்தால் சொன்னவர் நாணவேண்டியிராத முறையில் அது வழங்கப்படல் வேண்டும். 'பயனாளி' என எழுதும் கை, எழுதிமுடித்து நிமிர்ந்து நோக்கும்போது எதிரில் நிற்பவரை என்ன சொல்லி அழைக்கும் என்பதனை ஒருகணம் எண்ணுமாயின், பல படிவங்களின் மொழி மாறியிருக்கும்.

கோமாரியில் ஒரு மூதாட்டி, தம் வாசலுக்குப் படிவத்தோடு வரும் இளைஞர் எவராயினும், அவரையும் 'மனே' என்றே அழைப்பார். அவர் எந்த நிறுவனத்தைச் சார்ந்தவர், எந்த மதத்தவர், எந்த ஊரவர் என்று கேட்பது அதன் பின்னரே. தம்மை எப்பெயரில் எழுதுவார் என அறியாத நிலையிலும் அவர் முதலில் உறவுப்பெயரைக் கொடுத்துவிடுகின்றார். அப்பெயரைப் பெற்றவர் ஏட்டில் திரும்ப எழுதும் சொல் அதற்கு ஈடாகுமா என்பதே படித்தோர் விடை காணவேண்டிய வினா.